படகு உனக்கு, வீடு எனக்கு

எராஸ்மோ ஒயார்சோவின் வாயில் 'முடியாது' என்ற சொல் மட்டும் வராது. கல்யாணமான புதிதில் ஓதிலியா அதை நல்ல குணம் என்றுதான் நினைத்தாள். தல்காவே துறையில் அவள் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லியும் வந்தாள். "என் ஆளு மாதிரி தங்கமான மனுசன் இந்தத் தீவுலயே கிடையாது" என்று சொல்லிக்கொண்டே அவர்கள் தட்டில் இன்னொரு உருளைக்கிழங்கை வைப்பாள்.

எராஸ்மோவிடம் ஒரு படகு இருந்தது. தல்காவேயிலிருந்து சுற்றியுள்ள சின்னத் தீவுகளுக்கு ஆட்களை ஏற்றிப் போவான். ஆட்களோடு ஆட்டுக்குட்டி, சமையல் வாயு உருளை, பள்ளிக்கூடத்துக்கு நாற்காலி, ஒருமுறை சவப்பெட்டி என்று எது வந்தாலும் ஏற்றிக்கொள்வான். காசில்லை என்று தலையைச் சொறிகிறவர்களிடம் "அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்பான். அந்த அடுத்த தடவை வந்ததே இல்லை. இதெல்லாம்கூடப் பரவாயில்லை என்று ஓதிலியா விட்டிருப்பாள். கையெழுத்து விஷயம்தான் அவளைப் படுத்தியது.

வங்கியில் கடன் வாங்குகிறவனுக்கு ஜாமீன் போட ஓர் ஆள் வேண்டும். தல்காவேயில் அப்படி ஓர் ஆள் வேண்டுமென்றால் நேராக எராஸ்மோவின் படகுக்குப் போவார்கள். அவன் பேனாவை வாங்கி, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, தன் பெயரை அழகாக எழுதி, கடைசி எழுத்தைத் தூண்டில் முள் மாதிரி வளைத்துவிடுவான். எழுதி முடித்ததும் கேட்டவனைவிட அவனுக்குத்தான் சந்தோஷம் அதிகமாக இருக்கும்.

ஒரு மழைக்காலத்துக் காலையில் ஓதிலியா கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, நனைந்த கோட்டுடன் இரண்டு பேர் வீட்டு வாசலில் நின்று அளவு நாடாவை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருப்பா நீங்க? என்ன பண்றீங்க?"

"வீட்ட அளக்குறோம்மா."

"எதுக்கு அளக்கணும்? நாங்க வீட்ட விக்கலியே."

இருவரில் இளையவன் சங்கடத்துடன் மூத்தவனைப் பார்த்தான். "இன்னும் விக்கலதாம்மா" என்றான் மூத்தவன்.

விஷயம் இதுதான். எராஸ்மோவின் நண்பன் ஒருவன் லாரி வாங்கக் கடன் எடுத்திருந்தான். லாரி ஓடவில்லை, நண்பன்தான் ஓடிவிட்டான், தெற்கே புந்தா அரேனாஸுக்கு. இப்போது வங்கி ஜாமீன்காரனின் வீட்டை அளக்க ஆள் அனுப்பியிருக்கிறது. ஓதிலியா வருஷக்கணக்காக அடுப்படியில் நின்று சேர்த்த காசில் வாங்கிய வீடு அது. ஆனால் கல்யாணத்தின்போது எல்லோரையும் போல அவர்களும் பொதுச்சொத்து முறையில்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதன்படி இருவருடையதும் ஒரே மூட்டை. அந்த மூட்டைக்கு நிர்வாகி கணவன்.

கடையின் கூரையை மாற்ற வைத்திருந்த பணத்தைக் கொடுத்து, இரண்டு கிடேரிகளையும் விற்று, லாரிக் கடனை அடைத்தாயிற்று.

"அவன் நல்லவன்தான் ஓதிலியா. லாரிதான் சரியில்ல" என்றான் எராஸ்மோ.

ஓதிலியா கத்தியை எடுத்து உருளைக்கிழங்கைத் தோல் சீவ ஆரம்பித்தாள். அன்று சீவிய தோல் வழக்கத்தைவிடத் தடிமனாக இருந்தது என்று பக்கத்துக் கடை நெல்டா பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் காலை வானொலியில், தீவுகளுக்கு உறவினர்கள் அனுப்பும் செய்திகளுக்கு நடுவே, காஸ்த்ரோ நகரத்திலிருந்து ஒரு பெண் வக்கீல் பேசினாள். கல்யாணத்துக்கு முன்னால்தான் சொத்தைப் பிரித்துக்கொள்ள முடியும் என்று நினைக்காதீர்கள், கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆனாலும் இருவரும் சம்மதித்தால் பிரித்து எழுதிக்கொள்ளலாம் என்றாள். கரண்டியை வைத்த இடம் தெரியாமல் ஓதிலியா கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வியாழக்கிழமை கடையை நெல்டாவிடம் விட்டுவிட்டுக் காஸ்த்ரோவுக்குப் பஸ் ஏறினாள்.

வக்கீல் ஃப்ரேசியா அந்த்ராதேவுக்கு முப்பது வயதிருக்கும். அலுவலகத்தில் சீமெண்ணெய்க் கணப்பின் முன்னால் ஒரு ஜோடி காலணி காய்ந்துகொண்டிருந்தது. அவள் வெறும் காலுறையோடு உட்கார்ந்திருந்தாள். ஓதிலியாவுக்கு அது பிடித்திருந்தது.

"மொதல்லயே சொல்லிடறேன் வக்கீலம்மா. நான் அவர விட்டுப் போக வரல."

"தெரியுதும்மா. விட்டுப் போறவங்க யாரும் இதுக்குச் செலவு பண்றதில்ல. சும்மா போயிருவாங்க."

பிறகு அவள் விவரமாகச் சொன்னாள். ஒப்பந்தம் நோட்டரி முன்னால் பத்திரமாக எழுதப்படும். இருவரும் நேரில் வந்து, யாரும் யாரையும் வற்புறுத்தாமல் கையெழுத்துப் போட வேண்டும். அன்று முதல் அவரவர் சம்பாதிப்பது அவரவருக்கு, அவரவர் கடனும் அவரவருக்கு. இருக்கிற சொத்தையும் அதே பத்திரத்திலேயே பங்கு போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஏற்கெனவே போட்ட ஜாமீனிலிருந்து இது காப்பாற்றாது. பழைய கடன்காரன் வந்தால் வந்ததுதான்.

"இன்னொண்ணு முக்கியம். பத்திரத்துல கையெழுத்துப் போட்ட முப்பது நாளைக்குள்ள, உங்க கல்யாணம் பதிவான ஆபீஸ்ல, அந்தப் பதிவோட ஓரத்துல இத எழுதி வாங்கணும். ஒரு நாள் தள்ளிப் போச்சுன்னாலும் அந்தப் பத்திரம் மீன் பொட்டலம் கட்டத்தான் ஆகும். எழுதிட்டா அப்புறம் பழையபடி பொதுச்சொத்துக்குத் திரும்ப முடியாது. அதையும் யோசிச்சுக்குங்க."

"செலவு?"

தனக்கு இரண்டு லட்சம் பெசோ என்றாள் வக்கீல். நோட்டரிக்குத் தனி. வீட்டை ஒருவர் பேருக்கு மாற்றினால் சொத்துப் பதிவாளருக்கும் தனி. கல்யாணப் பதிவு ஓரத்தில் எழுதுவதற்கு மட்டும் அற்பத் தொகை. ஓதிலியா மனதுக்குள் அதை ஆட்டுக்கறிக் குழம்புத் தட்டுகளாக மாற்றிப் பார்த்தாள். ஒரு கோடைகாலம் முழுக்கப் பரிமாற வேண்டியிருந்தது.

"கல்யாணத்துக்கே எங்களுக்கு இவ்வளவு ஆகலியேம்மா!"

"கல்யாணம் பண்ண வக்கீல் தேவையில்லல்ல? தேவைப்பட்டிருந்தா பாதிப் பேர் பண்ணிக்கிட்டிருக்க மாட்டாங்க" என்றாள் ஃப்ரேசியா. இரண்டு பெண்களும் சிரித்தார்கள். தொகையில் நாற்பதாயிரத்தைக் குறைத்து, வாரம் ஒரு கூடை சிப்பி என்று ஓதிலியா பேரம் முடித்தாள்.

எராஸ்மோவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அன்று மாலை விறகடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து மாத்தே என்ற இலைத் தேநீரை ஒரே குடுவையில் மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள். அவன் உறிஞ்சிக் குடிப்பதை நிறுத்தினான்.

"அப்போ நான் யாரு இந்த வீட்டுல? குடித்தனக்காரனா?"

"புருசன். நேத்திக்கும் புருசன், நாளைக்கும் புருசன்."

"ஊர்ல என்ன சொல்லுவாங்க? ஒயார்சோவ அவன் பொண்டாட்டி கழட்டி விட்டுட்டாளாம்னு சொல்லுவாங்க."

"படுக்கை ஒண்ணு, அடுப்பு ஒண்ணு, செத்தா குழியும் பக்கத்துல பக்கத்துல. கையெழுத்து மட்டும் தனித்தனின்னு சொல்றேன். அவ்வளவுதான்."

எராஸ்மோ மாத்தேயை அவள் கையில் கொடுத்தான். ஒரு கம்பளியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு படகுக்குப் போய்விட்டான்.

சில நாட்கள் அவன் அங்கேயே கிடந்தான். மழை விடவில்லை. ஓதிலியா மத்தியானம் தோறும் ஒரு சட்டியில் சூடான குழம்பை ஊற்றி, துணியில் கட்டி, படித்துறையில் இறங்கிப் போய்ப் படகின் விளிம்பில் வைப்பாள். இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். மறுநாள் சட்டி கழுவித் துடைத்துக் கிடக்கும். வீட்டில் இருந்த காலத்தில் அவன் ஒரு தட்டைக்கூடக் கழுவியது கிடையாது.

சனிக்கிழமை அவள் சட்டியை வைத்துவிட்டுத் திரும்பும்போது உள்ளிருந்து குரல் வந்தது.

"படகு எனக்கா?"

"உனக்குத்தான்."

"எஞ்சினோடயா?"

"எஞ்சின், நங்கூரம், அடியில இருக்குற ஓட்ட, எல்லாம் உனக்கு."

எராஸ்மோ தலையை வெளியே நீட்டினான்.

"எங்கப்பாவோட படகு உடைஞ்சப்ப, புதுசு வாங்க ஒரு ஜாமீனுக்கு வீடு வீடா போனாரு. என்னையும் கூட்டிக்கிட்டுத்தான் போனாரு. எல்லாரும் டீயெல்லாம் குடுத்தாங்க. கையெழுத்து மட்டும் யாரும் போடல. அதான் ஓதிலியா, எவனாவது தொப்பியக் கழட்டிக்கிட்டு வந்து நின்னா எனக்கு முடியாதுன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது."

இருபத்தாறு வருஷம் கூடவே வாழ்ந்தும் இதை அவன் சொல்லி ஓதிலியா கேட்டதில்லை. படகின் ஈர விளிம்பில் பாவாடை நனைய உட்கார்ந்தாள்.

"போடாதன்னு நான் சொல்லல எராஸ்மோ. போடு. ஆனா உன் படகு மேல போடு. என் கூரை மேல போடாத."

"அது நியாயம்தான்" என்றான் அவன். கம்பளியைச் சுருட்டினான்.

காஸ்த்ரோவில் வக்கீல் முன்னால் பங்கு பிரிக்கும் வேலை ஒரு மத்தியானம் பூராவும் நடந்தது. வீடும் கடையும் ஓதிலியாவுக்கு, படகும் படகு நிறுத்தும் கொட்டகையும் எராஸ்மோவுக்கு என்பது ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பழைய ஜாமீன்கள் இன்னும் எத்தனை பாக்கி என்று ஃப்ரேசியா கேட்டபோதுதான் சிக்கல். எராஸ்மோ விரல் விட்டு எண்ணினான். தன் விரல்கள் தீர்ந்ததும் தயங்கி ஓதிலியாவின் கையைப் பார்த்தான்.

"என் வெரல எண்ணாத" என்றாள் அவள். "கால் வெரல எண்ணு."

நல்லவேளை, அவற்றில் பெரும்பாலானவை அடைந்துபோன கடன்கள். அடுத்தது அடுப்பு. அந்தக் கனமான இரும்பு விறகடுப்பைச் சேற்றில் தோளில் சுமந்து வந்தது தான் என்றான் எராஸ்மோ. அதில் கையைச் சுட்டுக்கொண்டவள் தான் என்றாள் ஓதிலியா. இருவர் குரலும் ஏறியது. வீட்டைப் பற்றிக்கூட இவ்வளவு சண்டை வரவில்லையே என்று ஃப்ரேசியா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அடுப்பு யாருக்குன்னு எழுதட்டும்?"

"அவளுக்கே எழுதுங்க" என்றான் எராஸ்மோ. "ஆனா எனக்கு அதுக்குப் பக்கத்துல உக்கார உரிமை இருக்குன்னும் எழுதுங்க."

அதை எழுதச் சட்டத்தில் இடமில்லை என்றாள் வக்கீல். வாய்மொழியாக ஒப்புக்கொள்ளப்பட்டது.

நோட்டரி அலுவலகத்தில் கையெழுத்து முடிந்ததும், அங்கிருந்த குமாஸ்தா பெண் இருவரையும் பார்த்துத் தொண்டையைக் கனைத்தாள். "மனசத் தேத்திக்குங்க. காலம் எல்லாத்தையும் ஆத்திரும்" என்று மெதுவாகச் சொன்னாள். எராஸ்மோவும் ஓதிலியாவும் வாசலுக்கு வரும்வரை அடக்கிக்கொண்டு, பிறகு ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

தல்காவேயில் அந்தச் செய்தி அவர்கள் வந்த பஸ்ஸுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. அந்தக் காலத்தில் நாட்டில் விவாகரத்துச் சட்டமே கிடையாது. இருந்தும் ஊர் அவர்களுக்கு விவாகரத்து கொடுத்துவிட்டது. எராஸ்மோவின் அண்ணன் ஒரு மெத்தையை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, "எங்க வீட்டுல ஒரு அறை காலியாத்தான் இருக்கு" என்று நின்றான். மனைவியை இழந்த தோன் செவேரோ, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, ஓர் ஆட்டுத்தொடையோடு ஓதிலியாவின் கடைக்கு வந்தார்.

"நம்ம தோட்டத்து ஆடும்மா. தனியா இருக்குற பொம்பளைக்கு ஒரு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு…"

"ரொம்ப நன்றி தோன் செவேரோ" என்று ஓதிலியா வாங்கிக்கொண்டாள். "எராஸ்மோவுக்கு ஆட்டுக்கறின்னா உசுரு. ராத்திரிக்குச் செஞ்சு வைக்கிறேன்."

தோன் செவேரோவின் முகம் போன போக்கைப் பார்த்து நெல்டா சிரிப்பை அடக்க முடியாமல் தன் கடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

ஊர் பேசுவதைப் பற்றி ஓதிலியா கவலைப்படவில்லை. அவள் கவலை வேறு. அவர்களுடைய கல்யாணம் பதிவானது கால்வாய்க்கு அந்தப் பக்கம், கின்சாவோ தீவிலுள்ள அச்சாவோ ஊரில். எராஸ்மோவுக்கு அங்கே அடிக்கடி வேலை உண்டு. "நானே போய்ப் பதிஞ்சுட்டு வரேன்" என்று பத்திரத்தின் நகலை வாங்கிப் படகில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்திருந்தான். ஒரு வாரம் போயிற்று. காற்று என்றான். அடுத்த வாரமும் போயிற்று. எஞ்சின் இருமுகிறது என்றான். ஓதிலியா ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டால் தான் பிடித்துத் தள்ளியது போலாகிவிடும், அவனாகவே போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். சுவரில் தொங்கிய நாட்காட்டியை மட்டும் தினமும் பார்த்தாள்.

கெடு முடிய ஒரே நாள் இருந்தபோது எராஸ்மோவின் சித்தப்பா மகன் பெலார்மினோ வந்தான். சாப்பாட்டு நேரம், கடை நிறையக் கூட்டம். வெளியே தெற்குக் காற்று அடித்து, வண்டிகளையும் ஆட்களையும் ஏற்றிக் கால்வாயைக் கடக்கும் இழுவைப் படகு நின்று நின்று ஓடிக்கொண்டிருந்தது. பெலார்மினோ வாட்டசாட்டமானவன், சிரித்த முகம். கின்சாவோவில் பிக்கப் வண்டி வைத்திருந்தான். சால்மன் வளர்க்கும் கம்பெனிகளுக்கு வலை கழுவிக் கொடுக்கும் தொழில் தொடங்கப் போகிறான். வங்கி எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டது. ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி.

எராஸ்மோவுக்கு எதிரே உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான்.

"ஒன்னத் தவிர எனக்கு யாரு இருக்கா, சொல்லு?"

எராஸ்மோ ஸ்பூனைத் தட்டில் வைத்தான். பக்கத்து மேஜைகளில் பேச்சு நின்றது. ஓதிலியா அடுப்புக்கு முன்னால் கரண்டியைப் பிடித்தபடி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்த்தால் அவன் முகத்தைப் பார்த்து தானே "போட்டுத் தொலை" என்று சொல்லிவிடுவோமோ என்று அவளுக்குப் பயம்.

"முடியாது" என்றான் எராஸ்மோ.

சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டான்.

"என்ன சொன்ன?"

"முடியாதுடா பெலார்மினோ." இந்த முறை குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்தது. "வீடு ஓதிலியாவோடது. கடை ஓதிலியாவோடது. எனக்குப் படகு மட்டும்தான் இருக்கு. அதுல ஓட்ட இருக்கு."

பெலார்மினோ கோபப்படவில்லை. விரலால் மேஜையைத் தட்டினான். "கேள்விப்பட்டேன். ஆனா அச்சாவோவுல இன்னும் பதிவாகலியாமே. பதியாத வரைக்கும் வீடு உன் கையிலதான இருக்கு? நாளையோட நாளும் முடிஞ்சுபோகுது. பேசாம இருந்தீன்னாலே போதும். யாருக்கும் எந்தக் கஷ்டமும் இல்ல."

அவன் சொன்னது உண்மைதான். எராஸ்மோ எதுவும் செய்ய வேண்டியதில்லை. உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தாலே போதும், 'முடியாது' என்று சொன்னதும் சொல்லாததும் ஒன்றாகிவிடும். அவன் மேஜையிலிருந்த ரொட்டித் துண்டைப் பார்த்தான். பிறகு எழுந்து கோட்டை மாட்டினான்.

"வா ஓதிலியா."

"எங்க?"

"அச்சாவோவுக்கு."

"குழம்பு கொதிக்குது!"

"நான் பாத்துக்கறேன், போ, போ!" என்று நெல்டா இரண்டு கடைகளுக்கும் நடுவிலிருந்து கத்தினாள்.

ஓதிலியா சமையலுக்குக் கட்டியிருந்த முன்கச்சையைக் கழற்ற மறந்தே கிளம்பினாள். எராஸ்மோ படகிலிருந்து பத்திரப் பையை எடுத்து வந்தான். இழுவைப் படகு கடைசி ஓட்டத்துக்குத் தயாராக நின்றது. அக்கரையில் பஸ் இல்லை. சாலையில் மழை சாய்ந்து அடித்தது. பின்னாலேயே தன் பிக்கப்பில் இறங்கிய பெலார்மினோ வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தான்.

"ஏறுங்க ரெண்டு பேரும்."

"எங்க போறோம்னு தெரியும்ல உனக்கு?" என்றாள் ஓதிலியா.

"தெரியும் அண்ணி. அதுக்காக மழையில நனைய விட்ருவேனா? நானும் ஒயார்சோதான்."

வழி நெடுக அவன் கேட்டுக்கொண்டே வந்தான். ஒரு வருஷத்துக்கு மட்டும் என்றான். பாதித் தொகைக்கு மட்டும் என்றான். லாபத்தில் பங்கு என்றான். எராஸ்மோ ஒவ்வொன்றுக்கும் "முடியாது" என்றான். ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல் முன்னதைவிடச் சுலபமாக வந்தது. வழியிலிருந்த குராக்கோ ஊரைத் தாண்டும்போது எராஸ்மோ சீட்டியடித்துக்கொண்டிருந்தான்.

அச்சாவோ பதிவு அலுவலகத்தில் ஒரு கல்யாணம் பாதியில் நின்றுகொண்டிருந்தது. மணமகள் யாஸ்னா சால்மன் ஆலையில் வேலை பார்ப்பவள். மணமகன் எல்வின் கடலுக்கடியில் முக்குளிப்பவன். சாட்சிகள் இருவரும் காற்றில் கால்வாயைக் கடக்க முடியாமல் தல்காவே பக்கமே மாட்டிக்கொண்டார்கள். யாஸ்னாவின் அம்மா, சம்சாக்கள் ஆறிக்கொண்டிருக்கின்றன என்று புலம்பிக்கொண்டிருந்தாள். பதிவாளர் அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள், சொட்டச் சொட்ட உள்ளே வந்த இருவரையும் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் அடையாள அட்டை வச்சிருக்கீங்களா?"

"இருக்கு. ஆனா நாங்க வந்தது வேற…"

"உங்க வேலைய முடிச்சுத் தரேன். மொதல்ல இதுக்குச் சாட்சி நில்லுங்க."

அப்படியாக, ஓதிலியா முன்கச்சையோடு மணமகள் பக்கத்திலும், எராஸ்மோ மணமகன் பக்கத்திலும் நின்றார்கள். பதிவாளர் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். பொதுச்சொத்தா, தனித்தனியா?

"ஒண்ணாத்தான்" என்றான் எல்வின் உடனே. "காதலிக்கிறவங்க எதுக்குப் பிரிக்கணும்?"

யாஸ்னா ஓதிலியாவைப் பார்த்தாள். இந்த இருவரும் எதற்காக வந்திருக்கிறார்கள் என்பது அதற்குள் அறைக்கே தெரிந்திருந்தது. பெலார்மினோ உபயம்.

"அத்தை, நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்கு என்னம்மா தெரியும்?" என்றாள் ஓதிலியா. "எங்காளுக்குக் கையெழுத்து வியாதி. அதக் கண்டுபிடிக்கவே எனக்கு இத்தன வருசமாச்சு. உன்னோட ஆளுக்கு என்ன வியாதின்னு நீயே கேட்டுப் பாரு."

யாஸ்னா திரும்பினாள். "உனக்கு என்ன வியாதி?"

எல்வின் சிவந்துபோனான். "எனக்கு ஒண்ணுமில்லியே. ஞாயித்துக்கிழம பந்தயம் மட்டும்தான்… அதுவும் கால்பந்துக்கு மட்டும்தான்."

"தனித்தனின்னு எழுதுங்க" என்றாள் யாஸ்னா. அறையே சிரித்தது. எல்வினும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான். பிறகு அவள் எல்லோர் முன்னாலும் அவனை இழுத்து முத்தம் கொடுத்ததில் அவன் பந்தயத்தையும் மறந்திருப்பான்.

அதன்பிறகு பதிவாளர் பழைய புத்தகத்தை எடுத்து வந்து தூசி தட்டிப் பிரித்தாள். ஓதிலியா கார்க்கமோ, எராஸ்மோ ஒயார்சோ. ஓதிலியாவின் கையெழுத்து சாய்ந்து, பயந்து கிடந்தது. பதிவாளர் ஓரத்தில் நான்கு வரி எழுதி, தேதி போட்டு, முத்திரை குத்தினாள்.

"முடிஞ்சுது. இனிமே ரெண்டு பேரும் சொத்துல தனித்தனி."

"கல்யாணம்?" என்று எராஸ்மோ கேட்டான்.

"அதுல நான் கை வைக்கலியே."

அன்று இழுவைப் படகு மறுபடி ஓடவில்லை. சாட்சிகளைச் சாப்பிடாமல் அனுப்ப யாஸ்னாவின் அம்மா சம்மதிக்கவில்லை. ஆறிய சம்சாவும் ஆப்பிள் கள்ளும் நிறையவே இருந்தன. பெலார்மினோ யாரிடமோ அக்கார்டியனைப் பிடுங்கி வாசித்தான். ஓதிலியாவின் முன்கச்சையைப் பார்த்துச் சமையல்காரி என்று நினைத்த ஒரு பெரியவர் அவளிடம் உப்பு கேட்டார். எராஸ்மோ, "அது என் பொண்டாட்டி, இப்பதான் சொத்தப் பிரிச்சோம்" என்று அறிமுகப்படுத்தினான். பெரியவர் துக்கம் விசாரிப்பதற்குள் இருவரும் ஆடப் போய்விட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். பெலார்மினோவுக்கு வேறொருவன் ஜாமீன் போட்டான். வலை கழுவும் தொழில் ஓஹோவென்று போயிற்று. அவன் இரண்டாவது பிக்கப் வாங்கினான். தல்காவேக்கு வரும்போதெல்லாம் ஒலிப்பானை அழுத்தி, "பாத்தியா, போட்டிருந்தா உனக்கும் ஒண்ணு!" என்று கத்துவான். எராஸ்மோ கையை ஆட்டுவான். "வருத்தமா இருக்கா?" என்று ஓதிலியா ஒருநாள் கேட்டாள். "அவன் நல்லா இருக்கட்டும். எனக்கு நல்லா தூக்கம் வருது" என்றான்.

புதிதாகக் கற்ற சொல்லின் ருசியில் அவன் கொஞ்ச நாள் கண்டபடி அதைப் பயன்படுத்தினான். உருளைக்கிழங்கு மூட்டையோடு வந்த ஒரு கிழவியிடமும் முடியாது என்று சொல்லிவிட, ஓதிலியா கடையிலிருந்து ஓடிவந்து சண்டை பிடித்து மூட்டையை ஏற்ற வைத்தாள். வங்கிக்காரன் வேறு, கிழவி வேறு என்பதை அவன் மெதுவாகப் பழகிக்கொண்டான். கட்டணத்தையும் வாங்கப் பழகினான். படகின் ஓட்டை அடைபட்டது. கடைக்கு வந்து சாப்பிட்டால் தட்டுக்கு அடியில் காசு வைத்துவிட்டுப் போவான். அவள் அதை எடுத்துக்கொண்டு, மறுநாள் அவன் தட்டில் இரண்டு துண்டு கறி கூடுதலாக வைப்பாள். அதைப் பார்த்துத் தோன் செவேரோ பெருமூச்சு விடுவார்.

இரண்டு வருஷம் கழித்து எராஸ்மோ புது எஞ்சின் வாங்க வங்கிக்குப் போனான். ஜாமீன் வேண்டும் என்றார்கள். அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓதிலியாவின் கடைக்கு வந்து, மற்ற வாடிக்கையாளர்களோடு வரிசையில் உட்கார்ந்தான். அவள் எல்லோருக்கும் பரிமாறி முடித்தபிறகுதான் அவனிடம் வந்தாள். எத்தனை குதிரைச் சக்தி, டீசல் எவ்வளவு குடிக்கும், மழைக்காலத்தில் எத்தனை ஓட்டம் கிடைக்கும் என்று ஒரு மணி நேரம் குடைந்தாள். அவன் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தான். அது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கையை முன்கச்சையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

புது எஞ்சின் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவளை மெச்சுக்கே தீவுக்கு அழைத்துப் போனான். மழை இல்லாத அபூர்வமான நாள். பாதி வழியில் எஞ்சினை நிறுத்திவிட்டு, கையை நீட்டினான்.

"டிக்கெட்?"

"அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றாள் ஓதிலியா. காலை நீட்டிப் படுத்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டாள்.